கூரை தூக்கும் பட்டா

மூடியிருக்கும்போது அதில் பார்க்க ஒன்றுமில்லை. வெள்ளை டிமோ பட்டா ஒன்று. சாமான் ஏற்றும் தட்டில் சாம்பல் நிறப் பெட்டி. பெட்டியின் கூரை சாரதி இருக்கும் கெபினைவிட ஒரு சாண்கூட உயரமில்லை. பதுளை மார்க்கட் பக்கம் நிறுத்தினால் மீன் வண்டி என்று எண்ணி, என்ன மீன் இருக்கு என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். பின்கதவைத் திறந்து, உள்மூலைகளில் இருக்கும் கொளுக்கிகளைத் தட்டிவிட்டு, கூரையை உள்ளங்கையால் மேலே தள்ளினால் கதை வேறு. நாலடிப் பெட்டி ஆறடியாகிவிடும். சுற்றிவரக் கித்தான் விரிந்து இறுகும். உள்ளே ஆள் நிமிர்ந்து நிற்கலாம், சட்டை மாற்றலாம், தேத்தண்ணி வைக்கலாம், காலை நீட்டிப் படுக்கலாம்.

வண்டி என் மச்சானுடையது. கிழமை நாட்களில் வெலிமடையிலிருந்து மரக்கறி ஏற்றுவது அதன் தொழில். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஹாலிஎல கராஜ் ஒன்றின் உத்திரத்தில் செயின் புளொக்கில் தொங்கும் பெட்டியை இறக்கித் தட்டில் வைத்து, நாலு மூலையிலும் முறுக்கி இறுக்கினால் அது வீடு. ஞாயிறு இரவு பெட்டி மறுபடி உத்திரத்துக்குப் போய்விடும், திங்கள் காலை கோவா மூட்டை ஏறும். நான் இதில் வெறும் பயணி. காசு போட்டவன் அல்ல என்பதால் தாராளமாகப் புகழலாம்.

இந்த யோசனை நம்மூரில் பிறந்ததல்ல. இங்கிலாந்தில் ஃபோக்ஸ்டன் நகரத்து மார்ட்டின் வோல்டர் கம்பனி 1950களிலேயே பெட்ஃபோர்ட் வேன்களின் கூரையை வெட்டி, ஒரு பக்கம் கீல் வைத்து, கோடு போட்ட கித்தான் கட்டி ‘டோர்மொபைல்’ என்று விற்றது. ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா கம்பனி 1951 முதல் ஃபொக்ஸ்வாகன் வேனுக்குள் கட்டிலும் அலுமாரியும் வைத்துக் கொடுத்தது. அமெரிக்காக்காரர்கள் வேனை விட்டுவிட்டுக் கெப்பின் தட்டில் ஏற்றி இறக்கும் பெட்டியாகவே அதைச் செய்துகொண்டார்கள். அவர்களுடைய கெப்களின் எஞ்சினுக்கு முன்னால் நம் பட்டா எம்மாத்திரம்! டாட்டா கம்பனி 2005ஆம் ஆண்டு ‘ஏஸ்’ என்று இந்தியாவில் இறக்கிய அந்தச் சின்ன லொறியில் இரண்டே சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைவலு. சுமக்கக்கூடியது 750 கிலோ. தட்டின் நீளம் ஏழடிக்குச் சற்று மேல், அகலம் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு. இதை வைத்துக்கொண்டு பெரகலையிலிருந்து ஹப்புத்தளைக்கு ஏற வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, இருக்கிற வண்டியிலேயே எதையாவது செய்துகொள்ளும் பழக்கம் நாட்டுக்கே வந்துவிட்டது. மச்சானும் அந்த வகைதான்.

பெட்டி கட்டும் கைப்பழக்கம் என்னவோ நம்மிடம் முன்பே இருந்தது. ‘சூன் பான்’ ஓட்டோவைப் பாருங்கள். பேத்தோவனின் மெட்டைப் பாடிக்கொண்டு லயத்துக்கு லயம் பாணும் பணிசும் கொண்டுவரும் அந்த மூன்று சக்கர வண்டியின் பின்னால் இருக்கும் கண்ணாடிப் பெட்டி சாமானியமான வேலை அல்ல. தூசி போகாது, மழை போகாது, மேலே தூக்கும் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாது, தட்டுகள் குலுங்கினாலும் பணிஸ் நசுங்காது. பெரிய படிப்புப் படித்தவர்கள் செய்வதல்ல அது. டிங்கரிங் பாஸ்மார் செய்வது. மச்சானின் பெட்டிக் கதவில் இருக்கும் ரப்பர் பட்டையும், கதவின் மேல்விளிம்பில் மழைநீரை ஓரமாகத் தள்ளிவிடும் சின்ன அலுமினியத் தாழ்வாரமும் அந்தப் பாண் வண்டிப் பரம்பரையிலிருந்து வந்தவை.

பெட்டியின் விளிம்புகளைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். சுவர் ஆறு மில்லிமீற்றர் பிளைவுட்தான், தட்டினால் அதிரும். ஆனால் எல்லா விளிம்பிலும் அலுமினியக் கோணப்பட்டை ஓடுகிறது. ஒரு விரல் நீளத்துக்கு ஒரு ரிவிட், ஒவ்வொன்றும் நேர்கோட்டில். மூன்று பட்டைகள் சந்திக்கும் மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி முண்டாக நிற்காமல், பக்குவமாக வெட்டி, முனை மழுங்க ராவி, மேலே ஒரு தொப்பி வைத்து மூடியிருக்கிறார் தச்சுப் பாஸ். அவருடைய தகப்பன் ஸ்டோரில் தேயிலைப் பெட்டி அடித்தவராம். அதைக் கேட்டதும் எனக்குப் பெட்டியின் சூட்சுமம் முழுக்க விளங்கியது.

கடதாசிச் சாக்கு வருவதற்கு முன்னால் தேயிலை கப்பலேறியது பலகைப் பெட்டியில். பலகைகள் தட்டையாகக் கட்டுக்கட்டாகத் தோட்டத்துக்கு வரும். ஸ்டோரில் வைத்துத்தான் பெட்டியாக அடிப்பார்கள். மெல்லிய பிளைவுட், உள்மூலைகளில் நேரான சட்டம், வெளிவிளிம்பு முழுக்க மடித்து ஆணியறைந்த தகரப்பட்டை, உள்ளே பளபளக்கும் தாள். வெறும் பெட்டியைச் சிறுபிள்ளையே தூக்கிவிடும். அது 45 கிலோவுக்குக் குறையாத தேயிலையைச் சுமந்துகொண்டு லொறியில் இறங்கி, ரயிலில் ஏறி, கொழும்புத் துறைமுகத்தில் தூக்கி எறியப்பட்டு, கடல் கடந்து லண்டன் பண்டகசாலையில் போய் முழுசாக நிற்கும். பலகையை நம்பியிருந்தால் அது பெரகலை இறக்கத்திலேயே விரிந்திருக்கும். அதைத் தாங்கியது விளிம்பு. ஒதுக்கப்பட்ட பெட்டிகள் லயங்களில் அரிசிப் பெட்டியாகவும் சாமித்தட்டாகவும் இன்னொரு தலைமுறைக்கு உழைத்தன. மச்சானின் பெட்டி அதே கணக்கில் கட்டப்பட்டது. இரும்புப் பொக்ஸ்பாரில் சட்டம் அடித்து, 18 மில்லிமீற்றர் பலகையில் சுவர் வைத்தால் உறுதியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தடிப்பில் எட்டுக்கு நாலடிப் பலகை ஒன்றே 30 கிலோவுக்குக் கிட்ட வரும். பட்டா அதைச் சுமந்துகொண்டு எல்ல ஏற்றத்தில் முதலாம் கியரில் முனகும்.

பாரத்தைப் பற்றி மச்சானுக்கு ஒரு வெறியே உண்டு. கொழுந்து நிறுக்கும் தொங்கு தராசு ஒன்றை எங்கிருந்தோ தேடி எடுத்து கராஜில் மாட்டியிருக்கிறார். பெட்டிக்குள் போகிற எதுவும், கரண்டிக்கட்டு உட்பட, அதில் ஏறி இறங்கித்தான் போக வேண்டும். ஒவ்வொன்றின் அடியிலும் எடையை மாக்கரால் எழுதி வைத்திருக்கிறார். வெற்றுப் பெட்டி 200 கிலோவைத் தாண்டவில்லை. தண்ணீர் 40 லீற்றர், அதாவது 40 கிலோ. இதில் பேரம் பேச முடியாது. லித்தியம் பட்டரி 12 கிலோ. அதே கொள்ளளவுக்கு ஈய பட்டரி என்றால் இரண்டு மடங்குக்கு மேல். மெத்தை, பாத்திரம், போர்வை எல்லாவற்றையும் கூட்டினாலும் வண்டி சுமக்கக்கூடியதில் பாதியைத் தொடவில்லை. மலைநாட்டில் இந்த மிச்சம்தான் சொகுசு. எல்லவிலிருந்து வெல்லவாய வரை சுமார் 27 கிலோமீற்றரில் ரோடு எண்ணூறு மீற்றருக்கும் மேல் கீழே இறங்குகிறது. இராவணா எல்ல அருவியைத் தாண்டியதும் பாரம் ஏற்றிய லொறிகளின் பிரேக் கருகும் வாடை காற்றில் வரும். பட்டா இரண்டாம் கியரில் தன் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்குகிறது, பிரேக் மிதிக்கு வேலை குறைவு.

கூரை ஏன் மடங்க வேண்டும், நிரந்தரமாகவே ஆறடிப் பெட்டி வைத்தால் என்ன என்று கேட்பவர்களை ஹப்புத்தளைக்குக் கூட்டிப்போக வேண்டும். அங்கே ஊர் ஒரு முதுகெலும்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் ஊவாப் பள்ளத்தாக்கு. மறுபக்கம் நிலம் அப்படியே தெற்குச் சமவெளிக்கு விழுகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் காற்று புகுந்தால், உயரமான வேன்கள் ஓரமாக ஆடுவது பார்த்தாலே தெரியும். காற்றை விட்டாலும் மரக்கிளை விடாது. தம்பேத்தன்னைக்குப் போகும் வழி கொழுந்து லொறியின் அளவுக்கே வெட்டப்பட்டது. சவுக்கு மரக் கிளைகளும் தோட்டத்து வயர்களும் அந்த அளவுக்கே ஒதுங்கித் தருகின்றன. 1890இல் கட்டிய ஸ்டோரைத் தாண்டி லிப்டன் சீட்டுக்கு ஏறும் வளைவுகளில், எதிரே வண்டி வந்தால் யார் பின்னால் போவது என்று சாரதிமார் கண்ணாலேயே பேசித் தீர்த்துக்கொள்வார்கள். பட்டா 4.3 மீற்றர் ஆரத்தில் திரும்பிவிடும் என்பதால் பெரும்பாலும் விட்டுக்கொடுப்பது நாங்கள்தான்.

கூரையைத் தூக்கும் கேஸ் கம்பிகள் நாலும் எனக்குத் தனிப்பட்ட பிரியம். உருளைக்குள் அடைத்திருப்பது நைதரசன். வாயு என்பதால் அதற்குச் சூடும் குளிரும் தெரியும். பாகை மூன்று குறைந்தால் தள்ளுவிசை நூற்றில் ஒன்று குறையும். வெல்லவாயவில் 33 பாகை வெயிலில் கொளுக்கியைத் தட்டியதும் கூரை தானாகக் கிளம்பிவிடும். கையை எடுத்துக்கொள்ளாவிட்டால் விரல் போகும். அதே கூரைக்கு, ஜனவரி விடியற்காலையில் ஹப்புத்தளையில் 13 பாகைக் குளிரில் தோள் கொடுக்க வேண்டும். இருபது பாகை வித்தியாசம், விசையில் ஏழு வீதம் காணாமல் போய்விட்டது. பாஸ் இந்த இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு கம்பியைத் தெரிவு செய்திருக்கிறார். வெயிலில் கொஞ்சம் துள்ளும், குளிரில் கொஞ்சம் சோம்பும். கம்பியை மட்டும் நம்பாமல் மூலைக்கு ஒன்றாக அலுமினிய முட்டுக்கொடுப்பும் வைத்திருக்கிறார். கச்சான் காற்று இரவில் கூரையை அமுக்கினாலும் அது அசையாது.

கித்தான் வேலை பதுளையில் ஒரு குஷன் கடையில் நடந்தது. ஓட்டோ சீட்டும் பஸ் சீட்டும் தைக்கிற கை. தையலைக் கிட்டப் பார்த்தால் தெரியும்: இரண்டு துண்டின் ஓரங்களும் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து, மேலே இரட்டைத் தையல் ஓடுகிறது, பிசிர் எங்கும் வெளியே தெரியாது. மடிப்பின் வாய் கீழ்நோக்கி இருக்கிறது, வழியும் தண்ணீர் அதற்குள் நுழையாது. கித்தானின் அடி ஓரம் பெட்டிச் சுவரின் வெளிப்பக்கமாக இறங்கி, மேலே ஒரு பட்டையால் இறுக்கப்பட்டிருக்கிறது. உள்பக்கமாக இறக்கியிருந்தால் தைப்பது லேசு. மழை நேரே மெத்தைக்கு வந்திருக்கும். பருத்தி கலந்த கித்தான் என்பதால், பூட்டுவதற்கு முன்னால் அதைப் பீலியில் நன்றாக நனைத்து வேலியில் காயப்போட்டார்கள். நனைந்து காயும்போது நூல் ஊறி ஊசித்துளைகளை அடைத்துக்கொள்ளும். இடுப்பில் படங்கு கட்டி மழையில் மலை ஏறுகிற பெண்களுக்கு இந்தப் பக்குவத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

கித்தானின் நடுவே, வெளிச்சுற்றில், ஒரு இழுவை நாடா ஓடுகிறது. முதல் பார்வைக்கு அலங்காரம் என்றே நினைப்பீர்கள். கூரை இறங்கும்போது அந்த நாடா சுருங்கி, தொய்கிற கித்தானை உள்பக்கமாக இழுத்துக்கொள்கிறது. அது இல்லாவிட்டால் கித்தான் வெளியே பிதுங்கி விளிம்பில் கடிபடும். ஒவ்வொரு தரமும் சுற்றிவந்து விரலால் உள்ளே திணிக்க வேண்டும். சில நூறு ரூபாய் நாடா. வெளிநாட்டு கம்பனிகளும் இதைத்தான் செய்கின்றன, ஆனால் குஷன் கடைக்காரர் அவற்றைப் பார்த்ததில்லை. “மடியிற துணிக்கு வழி சொல்லிக் குடுக்கணும் அண்ணே, இல்லன்னா அது இஷ்டத்துக்குப் போயிரும்” என்றார்.

கித்தானுக்குப் பதிலாக ரெக்சின் போட்டிருந்தால் சொட்டும் வராது, ஆனால் மூச்சும் விடாது. இரண்டு பேர் ஒரு இரவில் மூச்சாகவும் வியர்வையாகவும் வெளிவிடும் ஈரம் அரைப் போத்தலுக்குக் குறையாது. அது எங்காவது போக வேண்டும். எதிரெதிர்ச் சுவரில் கொசுவலை போட்ட இரண்டு ஜன்னல். ஒன்று உயரத்தில், ஒன்று தாழ்வில். குளிருக்குப் பயந்து இரண்டையும் மூடினால் விடியும்போது கூரையின் உட்பக்கம் முத்து முத்தாய்த் தண்ணீர் நிற்கும். மழையில் ஈரமாகவே மடித்துவிட்டால் வீட்டுக்குப் போனதும் விரித்து உலர்த்த வேண்டும், இல்லையென்றால் பூஞ்சணம். மாரி பிறந்து நவம்பர், டிசம்பரில் வடகீழ் மழை ஊவாவில் விடாமல் பெய்யும் நாட்களில் பெட்டி உத்திரத்தில் தொங்குவதே நல்லது.

சமையலுக்கு வெளியே போக வேண்டும். பட்டாவின் பின்பலகையே மேசை. இரண்டு பக்கச் சங்கிலியும் அதைச் சமமட்டமாகப் பிடித்துக்கொள்கின்றன. கூரையிலிருந்து நீளும் சின்னத் தறப்பாள் தலைக்கு மேல். கேஸ் சிலிண்டர் இருப்பது 2.3 கிலோ நிரப்பும் மிகச் சின்ன வகை. அதன் அறைக்கு உள்ளிருந்து வழி கிடையாது, கதவு வெளிப்பக்கம் மட்டும். அறையின் தரையில் ஒரு ரூபாய்க் குற்றியளவு துளை ஒன்று இருக்கிறது. சமையல் கேஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். துளை வழியாக ரோட்டுக்கு இறங்கிப் போய்விடும். பெட்டி முழுக்கத் தேடினாலும் இதைவிட மலிவான, இதைவிட அவசியமான வேலைப்பாடு இல்லை. பார்க்கிறவர்கள் யாரும் இதைக் கவனிப்பதில்லை. எல்லோரும் மஞ்சள் எல்ஈடி விளக்கைத்தான் படம் எடுக்கிறார்கள். அந்த விளக்கு எனக்குக் கொஞ்சம் கலியாண வீட்டுத்தனமாகப் படுகிறது.

தேத்தண்ணி விஷயத்தில் மட்டும் பார யோசனை தளர்கிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை தென்மேல் காற்று மத்திய மலையில் மழையைக் கொட்டிவிட்டு ஊவாவுக்கு வெறும் வறட்சியோடு வரும். பகல் வெயில், இரவுக் குளிர், ஓயாத காற்று. அப்போது பறிக்கும் கொழுந்தில் மெந்தோல் கலந்த மாதிரி ஒரு வாசம் ஏறும். அதுதான் உலகச் சந்தையில் ஊவாத் தேயிலையின் விலாசம். அந்தப் பருவத்துத் தூளை வெறுந்தேத்தண்ணியாகக் குடிப்பதற்கென்றே ஒரு கனத்த பீங்கான் போச்சியும் இரண்டு கோப்பையும் பெட்டியில் இருக்கின்றன. எடை ஒன்றரைக் கிலோ. தராசுக்காரர் அதை மன்னித்துவிட்டார்.

லயக் காம்பராவில் வளர்ந்தவனுக்கு இந்த ரசனை கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு குடும்பம். பாய் சுருண்டு மூலைக்குப் போனால் கூடம், அடுப்பு மூண்டால் குசினி, மழை நாளில் கொடி கட்டினால் துணி காயும் இடம். இடத்தை மடித்து விரிக்கும் கலையை எங்கள் அம்மாமார் யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில், துரையின் ஒபிசில் கேட்டு, வாச்சர் காட்டிய இடத்தில் நிறுத்திக் கூரையைத் தூக்கியபோது, கொழுந்துக் கூடையோடு வந்த ஒரு அக்கா நின்று சுற்றிவரப் பார்த்தார்.

“ஏன் தம்பி, ஒங்களுக்கு வீடு இல்லையா?”

“வீடு இருக்கு அக்கா. இது சும்மா, ஊர் சுத்துறதுக்கு.”

“வீட்ட வச்சிக்கிட்டா பெட்டியில படுக்கிறீங்க?” என்றவர், பின்பலகை மேசையைக் கையால் அமுக்கிப் பார்த்து, “ஆனா இது நல்ல வேல” என்றார். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. எது புதுசு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நிறுத்தும் இடத்தைப் பற்றி மட்டும் விளையாட்டே இல்லை. காட்சி நன்றாக இருக்கிறது என்று வெட்டிய மண்மேட்டின் அடியில் படுப்பவர்களை இப்போதும் பார்க்கிறேன். கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தவில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை இறங்கி லயங்களைப் புதைத்த இடம் நாங்கள் போய்வரும் ரோடுகளிலிருந்து தூரமில்லை. மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடும். மஞ்சள் வந்தாலே மச்சான் பெட்டியை இறக்குவதில்லை.

இப்போது வீட்டில் ஒரு வழக்கு நடக்கிறது. சின்ன பிரிட்ஜ் ஒன்று போடலாம் என்கிறார் அவர். கட்டிலுக்குக் கீழே பென்சிலால் சதுரம் போட்டுப் பார்த்துவிட்டார். “பத்துக் கிலோதான் மச்சான்.” பத்துக் கிலோவோடு நிற்காது என்பது என் வாதம். அதற்கு பட்டரி போதாது, இன்னொரு பட்டரி வரும். அதை நிரப்ப இன்னொரு சோலார் பலகை கூரையில் ஏறும். கூரை கனத்தால் கேஸ் கம்பி நாலையும் மாற்ற வேண்டும். மாற்றினால் வெயிலில் இன்னும் துள்ளும். அவ்வளவுக்கும் அதில் வைக்கப்போவது மீனும் தயிரும். மரக்கறி ஏற்றுகிறவனுக்கு வெலிமடைச் சந்தையே பிரிட்ஜ் இல்லையா என்று கேட்டேன். பதில் இல்லை. போன கிழமை பண்டாரவளையில் ஒரு கடைக்குப் போய், பிரிட்ஜைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துத் தராசில் தொங்கவிட்டுப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். முதலாளியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்களாம்.